ஈரப் புகை

க்ளேட்டன், மெல்பர்ன்
11 ஜூன் 2019

லாரிக்கு,

நான்கு முறை போன் செய்தேன். நான்காவது முறை ரீட்டா எடுத்து, "எங்க வீட்டுக்காரரு தோட்டத்துல இருக்காரு"ன்னு சொன்னாங்க. அவங்களுக்குப் பின்னாலேயே நீங்கள் இருமுவது கேட்டது. உங்கள் மின்னஞ்சல் முகவரி அனல் மின் நிலையத்தோடு சேர்ந்து மூடப்பட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் தபாலில் எழுதுகிறேன். கையால் கடிதம் எழுதிப் பதினைந்து வருடம் இருக்கும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் குருணை என் ஆய்வுக்கூடத்தில் செத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் கையில் பதினான்கு மாதம் ஓடிய அதே வெள்ளைக் குருணைதான். புகையில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சும், சூடேற்றினால் விட்டுவிடும், ஆறியதும் மறுபடி உறிஞ்சும். நிலையத்தில் இப்படி எண்ணூற்றைம்பது சுற்று ஓடியது. அதை நம்பித்தான் கட்டுரை எழுதினேன், பிப்ரவரியில் அது வெளிவந்தது. இப்போது வெளிநாட்டில் ஒரு குழு அதையே செய்து பார்த்திருக்கிறது. நாற்பது சுற்றில் பாதி பலம் போய்விட்டதாம். நம்பாமல் நானும் செய்து பார்த்தேன். எனக்கு முப்பத்தெட்டு.

ஆய்விதழ்க்காரர்கள் செப்டம்பர் 13 வரை கெடு கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் நான் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். எங்கள் நிறுவனமும் ஒரு விசாரணைக் குழு போட்டிருக்கிறது. எண்களை நான் இட்டுக்கட்டினேனா என்று கேட்கப் போகிறார்கள். இந்தக் கேள்வியை என்னிடம் யாராவது கேட்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

நிலையத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? இங்கே நான் செய்யாதது எது? உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா?

மேவ் கோஸ்டிகன்


யின்னார்
18 ஜூன்

டாக்டர் கோஸ்டிகன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ரீட்டா பொய் சொல்லவில்லை. நான் தோட்டத்தில்தான் இருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

செய்தது எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எழுதி, டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

வால்வு திருப்புகிறவனுக்கு வேறென்ன தெரியும்?

எல். ஷெம்ப்ரி


க்ளேட்டன்
24 ஜூன்

லாரி,

அந்தக் கடைசி வரி எனக்கு வேண்டியதுதான்.

அன்றைக்குக் கன்ட்ரோல் ரூமில் நடந்ததை நான் மறக்கவில்லை. லாமிங்டன் கேக் டப்பாவும் அச்சிட்ட கட்டுரையுமாகச் சந்தோஷமாக வந்தேன். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் இருந்த ஐந்து பெயர்களையும் படித்தீர்கள். திரும்பவும் முதலிலிருந்து படித்தீர்கள். பிறகு, "நாம எங்க இருக்கோம்?"னு கேட்டீங்க. கடைசிப் பக்கத்தில் 'நிலையப் பணியாளர்களுக்கு நன்றி' என்ற வரியைக் காட்டினேன். நீங்கள் சும்மா சிரித்துவிட்டு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். "பதினாலு மாசம் ஓட்டினவன் பணியாளரு, பாக்க வந்து போனவங்க எல்லாம் விஞ்ஞானியா?"னு ஷிப்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டீங்க. எனக்குச் சுருக்கென்றது. "லாரி, வால்வு திருப்பினதுக்கெல்லாம் பேரு போட்டா கட்டுரை டெலிபோன் டைரக்டரி ஆயிடும்"னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் கேக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனீர்கள்.

கெட்டிக்காரத்தனமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரு மனிதரை அவருடைய ஆட்கள் முன்னாலேயே அவமானப்படுத்தினேன். மன்னித்துவிடுங்கள். இதைப் பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்குக் காரியம் ஆக வேண்டியிருக்கும்போது எழுதுகிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதுவும் உண்மைதான்.

விசாரணைக் குழுவின் முதல் கூட்டம் வெள்ளிக்கிழமை நடந்தது. எங்கள் இயக்குநர், "மேவ், நீ எதையும் இட்டுக்கட்டலைன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த ஆபரேட்டரு? டீ குடிச்சுக்கிட்டே எழுதியிருப்பான். பழியை அவன் பக்கம் திருப்பிடு, பிரச்சினை முடிஞ்சது"ன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாற்பது வருஷமா கொதிகலன் பக்கத்துல வேலை செஞ்ச மனுஷன். அங்க பதிவேட்டுல ஒரு பொய் எழுதினா ஆள் செத்துப்போவான். லாரி ஷெம்ப்ரி எழுதினதை நான் என் உயிரைக் கொடுத்து நம்புவேன்"னு சொன்னேன். அதையே எழுத்திலும் கேட்டார்கள். 'நிலையப் பதிவேட்டின் ஒவ்வொரு பதிவும் உண்மை. தவறு இருந்தால் அது என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே பதிவேட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அதில் எழுத இடமில்லாத சின்ன விஷயம் எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

மேவ்


யின்னார்
8 ஜூலை

மேவ்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ரீட்டா, "அடுப்பு பத்த வைக்கத் தாள் வேணும்னா பழைய பேப்பர் இருக்கே"ன்னு கேட்டா.

மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன். நானும் அன்றைக்கு ஆட்களை வைத்துக்கொண்டு கேட்டிருக்கக் கூடாது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நீங்களும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பீர்கள்.

இங்கே குளிர் எலும்பில் இறங்குகிறது. பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம். சனிக்கிழமை கால்பந்தில் நான்தான் கோல் நடுவர், கையில் கொடியோடு நிற்பேன். போன வாரம் பனியில் பந்து பக்கத்தில் வரும்வரை தெரியவில்லை. கோல் என்று கொடியை ஆட்டிவிட்டேன். எதிர் அணிக்காரன் ஒருவன், "பெருசு, உனக்குக் கண்ணு வேணுமா, கண்ணாடி வேணுமா?"ன்னு கத்தினான். பந்தைப் பார்த்துத்தான் ஆட்டினேன். பார்க்கவில்லை என்றால் ஆட்டியிருக்க மாட்டேன்.

சரி, உங்கள் குருணை. எனக்கு ஒரு யோசனை. யோசனைதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கந்தகத்தைக் கழுவுகிற தொட்டியைத் தாண்டி வரும்போது புகை சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும், இல்லையா? அதைக் காய வைக்கத்தானே உலர்த்தி வைத்திருந்தோம். ஒரு தடவை அதைக் காய வைக்காமல், ஈரத்தோடேயே குருணைக்குள் விட்டுப் பாருங்களேன். என்ன கெட்டுவிடும்?

இயக்குநர் சொன்னதற்கு நீங்கள் அப்படிப் பதில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எழுத்தில் கொடுத்திருக்கவே வேண்டாம்.

லாரி


க்ளேட்டன்
15 ஜூலை

லாரி,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. நடுவர் கதையை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அந்த எதிர் அணிக்காரன் பாவம் என்றார்.

ஆனால் ஈர யோசனை சரிப்படாது. காரணம் சொல்கிறேன். குருணையின் துளைகளில் அமீன் என்ற ரசாயனத்தைப் பூசியிருக்கிறோம். கரியமில வாயுவைப் பிடிப்பது அதுதான். தண்ணீர் உள்ளே போனால் அந்தத் துளைகளில் அதுவும் வந்து உட்கார்ந்துகொள்ளும், சூடேற்றும் செலவு இரண்டு மடங்காகும். நான் மாணவியாக இருந்தபோது முதலில் கற்றுக்கொடுத்ததே வாயுவைக் காய வை என்பதுதான். என் ஆய்வுக்கூடத்தில் எல்லா வாயுவும் எலும்பு போல் காய்ந்துதான் உள்ளே போகும். நிலையத்திலும் அப்படித்தான் போனது. பதிவேட்டில் வேலை நாள் ஒவ்வொன்றிலும் 'உலர்த்தி மணிகள் நீலம்' என்று உங்கள் டிக் இருக்கிறதே. மொத்தம் இருநூற்று எண்பத்தாறு. நானே எண்ணிப் பார்த்தேன்.

ஒரு பரிசோதனைக்கு மூன்று வாரம் ஆகிறது. என்னிடம் இருப்பது ஒரே கருவி. முடிவுகளை ஒழுங்குபடுத்தி எழுதவும் நேரம் வேண்டும். ஆகவே கெடுவுக்குள் ஒரே ஒரு முயற்சிதான் செய்ய முடியும். அதில் சாம்பல் கலந்து பார்க்கப் போகிறேன். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் இருக்கும் ஏதோ ஒரு உப்பு குருணையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஒரு சந்தேகம். வலுவான சந்தேகம் இல்லை. ஆனால் வேறு ஒன்றும் தோன்றவில்லை. வரும் 25ஆம் தேதி ஆரம்பிக்கிறேன்.

இதுவும் தோற்றால் கட்டுரையை நானே திரும்பப் பெற்றுக்கொள்வேன். இருபது வருடம் நான் செய்த எல்லாவற்றையும் ஆட்கள் மறுபடி ஒரு மாதிரியாகத் திருப்பிப் பார்ப்பார்கள். பொய்க்காரி என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை, பதில் சொல்லலாம். உங்களிடம் மட்டும்தான் இதைச் சொல்கிறேன்.

மேவ்


யின்னார்
19 ஜூலை. விரைவுத் தபால்.

மேவ்,

சாம்பல் போடாதே. இதை முழுக்கப் படித்துவிட்டுக் கருவியைத் தொடு.

அந்த மணிகள் நீலமாக இல்லை. நான் பார்க்கவே இல்லை. இருநூற்று எண்பத்தாறு டிக்கும் டீ ரூமில் உட்கார்ந்து போட்டது.

உலர்த்தி எங்கே இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கழுவும் தொட்டிக்கு மேலே, கூண்டு ஏணியில் முப்பத்து நான்கு படி. ஈரமானி சோதனை ஆரம்பிக்கும் முன்பே பழுதாகிவிட்டது. மூடப்போகிற நிலையத்துக்குப் புதுசு யார் வாங்கித் தருவார்கள்? அதனால்தான் தினமும் ஒரு ஆள் ஏறி, கண்ணாடித் துவாரம் வழியாக மணிகளைப் பார்க்க வேண்டும் என்று நீ எழுதி வைத்தாய். நீலம் என்றால் காய்ந்திருக்கிறது, இளஞ்சிவப்பு என்றால் ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டது, எடுத்து அடுப்பில் வறுத்துத் திரும்பப் போட வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் வலது முழங்கால் போய்விட்டது, மேவ். சமதளத்தில் நடந்தால் யாருக்கும் தெரியாது. ஏணியில் ஐந்தாவது படியில் கால் மடங்காது, கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் மருத்துவச் சோதனைக்கு அனுப்புவார்கள், அதோடு யந்திரங்கள் பக்கம் விட மாட்டார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து கையுறை எண்ணிக் கொடுக்கச் சொல்வார்கள். பதினெட்டு வயதில் அந்த வாசலில் நுழைந்தவன் நான். நிலையம் மூடுகிற அன்றைக்கு நான் யந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு ஆசை. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், இல்லை.

முதலில் ஒரு நாள் நாளைக்குப் பார்க்கலாம் என்று டிக் போட்டேன். அடுத்த நாளும் அதே. ஒரு வாரம் கழித்து உண்மையைச் சொன்னால் போன வாரத்து டிக் எல்லாம் என்ன என்று கேட்பார்கள். ஒரு மாதம் கழித்து வாயைத் திறக்கவே முடியவில்லை. உன் குருணை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கவனிக்காத மணிகள் சில நாளில் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு உன் குருணைக்குள் போனது முழுக்க ஈரப் புகை. இதைப் போன கடிதத்தில் மென்று விழுங்கி, யோசனை என்று வேஷம் கட்டி அனுப்பினேன். நீ அந்தப் பொய் டிக்கை எண்ணிக் காட்டி எனக்கே பதில் எழுதினாய்.

உயிரைக் கொடுத்து நம்புவேன் என்று நீ சொன்னதாக எழுதியிருந்தாயே, அதை ரீட்டா உரக்கப் படித்தாள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவளிடம் எதை மறைப்பது? சொல்லிவிட்டேன். அவள், "முழங்கால் வலியை மறைச்சது சரி, அது உன் முழங்கால். அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கே, அது யாரு முழங்கால்?"னு கேட்டா. அதற்கு அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்தக் கடிதத்தை யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டு. நேரில் வந்து சொல்லச் சொன்னாலும் வருகிறேன். என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

லாரி


க்ளேட்டன்
24 ஜூலை

லாரி,

கிடைத்தது. நாளை ஈரத்தோடு ஆரம்பிக்கிறேன்.

திட்டி ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். அதில் பாதி உங்களைப் பற்றி, மீதி என்னைப் பற்றி. பதினான்கு மாதத்தில் பதினேழு தடவை நிலையத்துக்கு வந்திருக்கிறேன். நானும் ஒரு நாள்கூட அந்த ஏணியில் ஏறவில்லை. எனக்கு இரண்டு முழங்காலும் நன்றாகத்தான் இருக்கின்றன.

அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. இப்போதைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

மேவ்


யின்னார்
7 ஆகஸ்ட்

மேவ்,

நீ எழுதும் வரை பேசாமல் இருக்க வேண்டும் என்று ரீட்டா சொன்னாள். முடியவில்லை. உறிஞ்சுகிறதா? ஒரு வார்த்தை, ஆம், இல்லை, போதும்.

ரீட்டா மாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்துப் பாஸ்டிஸி செய்து உறைய வைத்திருக்கிறாள். மெல்பர்ன் பக்கம் யாராவது போனால் கொடுத்து அனுப்பலாம் என்கிறாள். உன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. எல்லாம் எனக்குத்தான்.

லாரி


க்ளேட்டன்
16 ஆகஸ்ட்

அன்புள்ள லாரி,

ஆம்.

எண்பத்தெட்டு சுற்று. முதல் சுற்றில் பிடித்த அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு இன்னும் பிடிக்கிறது. நேற்று காலை எண்ணைப் பார்த்துவிட்டு அந்தக் கருவியின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதேன். உதவியாளர் பயந்துபோய், "வாயு கசியுதா மேவ்?"னு ஓடி வந்தார்.

செத்த குருணையைப் பிரித்துப் பார்த்ததில் காரணமும் தெரிந்துவிட்டது. காய்ந்த வாயுவில் சூடேற்றும்போது அமீனும் கரியமில வாயுவும் ஒன்றையொன்று விடாமல் கட்டிக்கொண்டு யூரியாவாக மாறிவிடுகின்றன. அப்புறம் எவ்வளவு சூடேற்றினாலும் பிரியாது. அந்த இடம் செத்தது செத்ததுதான். ஈரம் யூரியாவை உண்டாகவே விடுவதில்லை. துளையில் கொஞ்சம் இடத்தைத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது, சூடேற்றும் செலவும் கூடுகிறது. அதெல்லாம் உண்மை. ஆனால் குருணை உயிரோடு இருக்கிறது. தண்ணீரை எதிரி என்று நினைத்து இருபது வருடம் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன். இங்கே எவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காய வைத்தேனோ அவ்வளவு வேகமாக அதைக் கொன்றிருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். புகை இயற்கையிலேயே ஈரமானது. இனி உலர்த்தியே வேண்டாம். எந்த நிலையத்திலும் வேண்டாம்.

இப்போது ஒரு சங்கடமான வேலை பாக்கி இருக்கிறது. கட்டுரையில் 'உலர்த்திய புகை' என்று எழுதியதைத் திருத்த வேண்டும். ஏன் தவறாக எழுதினோம் என்றும் ஒரு வரி சொல்ல வேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன்: 'உலர்த்தி செயலிழந்திருந்தது அப்போது கவனிக்கப்படவில்லை.' அவ்வளவுதான். உங்கள் பெயர் எங்கும் வராது. உங்கள் கடிதத்தை இதுவரை யாருக்கும் காட்டவில்லை, காட்டவும் வேண்டாம். ஈரத்தில் கிடைத்த எண்களே குழுவுக்குப் போதும். நாற்பது வருடம் சுத்தமாக வேலை பார்த்த மனிதரின் பெயரை முழங்கால் வலிக்காக அச்சில் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி என்று ஒரு வரி எழுதுங்கள். பாஸ்டிஸியை வாங்கிக்கொள்ள நானே வருகிறேன்.

மேவ்


யின்னார்
20 ஆகஸ்ட்

டாக்டரம்மா,

உன் 'ஆம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் ரீட்டா என் தலையில் ஒரு முத்தம் கொடுத்தாள். அப்புறம் அதே இடத்தில் ஒரு குட்டும் வைத்தாள். யூரியா என்றால் உரக்கடையில் மூட்டையில் விற்பார்களே அதுவா? அதை உன் விலை உயர்ந்த குருணைக்குள் நீயே தயாரித்துக்கொண்டிருந்தாயா? இதை மட்டும் ஷிப்டு ஆட்களிடம் சொல்ல அனுமதி கொடு.

ஆனால் அந்த வரி சரி இல்லை.

'கவனிக்கப்படவில்லை' என்றால் என்ன அர்த்தம்? படிக்கிறவன், பாவம், எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள், அப்படியும் தப்பிவிட்டது என்று நினைப்பான். அப்படி நடக்கவில்லை. கவனிக்க ஒரு ஆள் இருந்தான். அவன் ஏறவில்லை. ஏறாமல் ஏறினேன் என்று எழுதினான். நீ என்மேல் இருக்கும் பிரியத்தில் பூசி மெழுகுகிறாய். எனக்குப் புரிகிறது, நன்றி. ஆனால் அதுவும் இருநூற்று எண்பத்தேழாவது டிக்தான். இந்தத் தடவை நீ போடுகிற டிக்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு எங்கேயோ ஒரு ஊரில் இன்னொரு குழு இதை நம்பி ஒரு யந்திரம் கட்டும். அதையும் ஒரு ஆபரேட்டர் ஓட்டுவான். எப்படித் தப்பு நடந்தது என்று அவன் மேலதிகாரிக்குத் தெரிந்தால், கண்ணாடித் துவாரத்தை முப்பத்து நான்கு படிக்கு மேல் வைக்க மாட்டான். இல்லையென்றால் வைப்பான்.

பிப்ரவரியில் என் பெயர் இல்லை என்று கத்தினேன். இப்போது போடு. நன்றியில் வேண்டாம். தப்பு இருக்கிற வரியில் போடு. குழுவின் முன்னால் வந்தும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை ரயில் இருக்கிறது, ரீட்டாவும் வருகிறாள், நான் வழியில் இறங்கி ஓடிவிடுவேன் என்று சந்தேகப்படுகிறாள்.

லாரி


க்ளேட்டன்
29 ஆகஸ்ட்

அன்புள்ள லாரி,

நேற்று முன்தினம் நீங்கள் குழுவின் அறையிலிருந்து வெளியே வந்தபோது ஒன்றும் பேச முடியாமல் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் எழுதுகிறேன். உள்ளே என்ன நடந்தது என்று இயக்குநர் பிறகு சொன்னார். "அவரைப் பாத்து, இருநூத்து எண்பது தடவை பொய் எழுதின ஆளு, இன்னைக்குச் சொல்றதை மட்டும் நாங்க எப்படி நம்பறதுன்னு கேட்டேன். 'நம்பாதீங்க சார், எதையும் மேல ஏறிப் பாத்துட்டு நம்புங்க'ன்னுட்டாரு" என்றார். சொல்லிவிட்டுக் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். உங்களை டீ குடித்துக்கொண்டே எழுதுகிறவர் என்று சொன்னதை நினைத்துக்கொண்டாரா, அது சரியாகத்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டாரா, தெரியவில்லை.

விசாரணை முடிந்தது. என்மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். கவனக்குறைவு என்று ஒரு வரி இருக்கிறது. அது நியாயம்தான், நானும் ஏறவில்லை.

திருத்தத்தை இத்தோடு வைத்திருக்கிறேன், மூன்று பக்கம். நீங்கள் கேட்டபடி அந்த வரி இப்படி இருக்கிறது: 'சோதனை நடந்த பதினான்கு மாதமும் உலர்த்தியைப் பார்வையிடும் பொறுப்பில் இருந்த எல். ஷெம்ப்ரி அதைப் பார்வையிடவில்லை. பார்வையிட்டதாகப் பதிவு செய்தார்.' எழுதும்போது கை வரவில்லை. உங்களுக்காக எழுதினேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் செய்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஈரத்தில் ஓட்டிப் பார் என்று சொன்னவர் பெயர் அங்கே இல்லாவிட்டால் இது இன்னொரு பொய்யாகிவிடும். பெயர் இருக்கிறவர்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. போட்டு உடனே அனுப்புங்கள். 13ஆம் தேதிக்குள் நான் சேர்க்க வேண்டும்.

மேவ்


யின்னார்
2 செப்டம்பர். விரைவுத் தபால்.

அன்புள்ள மேவ்,

முதல் பக்கத்தை ரீட்டா எடுத்துக்கொண்டு போய்த் தங்கை வீட்டில் காட்டிக்கொண்டிருக்கிறாள். திரும்பி வந்ததும் இத்தோடு வைத்து அனுப்புகிறேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, பெயரைப் பார்த்ததும் கண்ணாடியை இரண்டு தடவை கழற்றித் துடைத்தேன்.

ஆனால் கையெழுத்துப் போடவில்லை. காரணம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

மூன்று பக்கத்தையும் நான்கு தடவை படித்தேன். புரியாத இடத்தில் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டாம் பக்கத்தில், நிலையத்தில் குருணையின் பலம் எப்படிப் போனது என்று காட்டும் கோடு ஒன்று படமாக இருக்கிறது. பதினான்கு மாதமும் சமமாகப் போகிறது. ஆனால் ஆரம்பத்தில் இரண்டு வாரம் மட்டும் சரிந்து, ஐந்தில் ஒரு பங்கு பலம் குறைந்து, அதற்குப் பிறகுதான் சமமாகிறது. கீழே நீ, 'குருணை படிந்து நிலைபெறும் காலமாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறாய்.

அது இல்லை, மேவ். அந்த இரண்டு வாரம் நான் ஏறினேன்.

ரீட்டா பழைய நாள்காட்டிகளை வீசுவதில்லை. எடுத்துப் பார்த்தேன். சோதனை ஆரம்பித்தது 2017 மார்ச் 20. முழங்கால் மடங்காமல் நான் டாக்டரிடம் போனது ஏப்ரல் 3, திங்கட்கிழமை. அதற்கு முன்னால் பத்து வேலை நாள், தினமும் முப்பத்து நான்கு படி ஏறிப் பார்த்தேன், இரண்டு தடவை மணிகளை வறுத்தும் போட்டேன். நீ கேட்டபோது வெட்கத்தில் மொத்தத்தையும் தூக்கி என் தலையில் போட்டுக்கொண்டேன். எல்லாமே பொய் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. எது பொய், எது மெய் என்று உட்கார்ந்து பிரிக்கத்தான் கஷ்டமாக இருந்தது. அப்படிப் பிரிக்காமல் சொன்னதால் உனக்கு மறுபடியும் ஒரு தவறான கணக்கைக் கொடுத்துவிட்டேன். இருநூற்று எண்பத்தாறில் முதல் பத்து டிக் உண்மையானவை.

ஆகவே அந்த இரண்டு வாரம் புகை காய்ந்து போனது, குருணை உன் ஆய்வுக்கூடத்தில் சாவது போலவே செத்துக்கொண்டிருந்தது. நான் ஏறுவதை நிறுத்தினேன், அதுவும் சாவதை நிறுத்தியது. உன் கோட்டில் அப்படியே தெரிகிறது. நான் சரியாகச் சொல்கிறேனா என்று நீ உன் எண்களை வைத்துப் பார்.

'பதினான்கு மாதமும்' என்பதை அடித்துவிட்டு, 'ஏப்ரல் 3 முதல்' என்று எழுது. படத்துக்குக் கீழே இருக்கும் வரியையும் மாற்று. மாற்றித் திரும்ப அனுப்பு, ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

ஒரே நாள் என்றதும் படிக்காமல் போட்டுவிடுவேன் என்று நினைக்காதே. முழுக்கப் படித்துவிட்டுத்தான் போடுவேன்.

லாரி